ஆறாம் கோட்டில் ஓர் இலக்கணம்

பீட்டர்ஸ்பர்க் நகரத்தின் வசீலியெவ்ஸ்கி தீவில் குறுக்குத் தெருக்கள் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தெருவுக்கு ஓர் எண் என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை. இங்கே தெருவின் இந்த ஓரத்துக்கு ஓர் எண், எதிர் ஓரத்துக்கு அடுத்த எண். ஒவ்வோர் ஓரமும் தனித்தனியே ஒரு ‘லீனியா’, அதாவது கோடு. மகா பீட்டர் காலத்துத் திட்டப்படி அந்த இடங்களில் கால்வாய்கள் ஓடியிருக்க வேண்டும். கால்வாயின் இரு கரைகளுக்கும் இரு கோடுகள் என்று கணக்கு. அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. கோடுகள் மட்டும் தங்கிவிட்டன. ஆறாம் கோட்டிலிருந்து ஏழாம் கோட்டுக்குப் போக வேண்டுமானால் தெருவைக் கடந்தால் போதும்.

ரஷ்ய மொழி படிக்க அந்த ஊருக்குப் போகிறவருக்கு இப்படி ஒரு தெரு அமைப்பு வாய்த்தது என்ன அழகான தற்செயல்! ‘ஆறாவது’ என்ற சொல் ரஷ்யத்தில் தன் வாலை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்கும். லீனியா பெண்பாற்சொல். ஆகவே எழுவாயாக நிற்கும்போது ‘ஷெஸ்தாயா லீனியா’. அங்கே குடியிருந்தால் ‘நா ஷெஸ்தோய் லீனியி’. அங்கே போவதென்றால் ‘நா ஷெஸ்தூயு லீனியு’. பாடப்புத்தகத்தில் இது ஓர் அட்டவணை. பார்த்தாலே கண் சோர்ந்துபோகும். தீவில் அதுவே வீட்டுக்கு வழி. தோழியின் வீடு எந்தக் கோட்டில், மருந்துக்கடை எந்தக் கோட்டில், மெட்ரோ நிலையத்திலிருந்து வெளியே வந்தால் எந்தக் கோட்டில் நிற்கிறோம் என்று பேசிப் பேசியே வரிசையெண்கள் வேற்றுமை உருபோடு வாயில் ஏறிவிடுகின்றன. வெளிநாட்டுக்குப் போய் ஒரு மொழியில் மூழ்கிப் படிப்பதில் எனக்குப் பிடித்ததே இதுதான்: இலக்கணத்துக்கு முகவரி கிடைத்துவிடுகிறது. ஏழாம் வேற்றுமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டிவிடலாம்.

வகுப்பறையில் முதல் நாளிலிருந்தே ஆசிரியை ரஷ்யத்தைத் தவிர வேறொன்றும் பேசமாட்டார். கையும் கண்ணும் கரும்பலகையும்தான் அகராதி. மேசையைச் சுற்றி ஒரு சீனர், ஓர் இத்தாலியர், ஒரு துருக்கியர், நம்மூர்ப் பிள்ளை ஒருவர். (2022-க்குப் பின் மேற்கிலிருந்து வருவோர் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். அவர்களில் பலர் ரஷ்யம் பேசப்படும் பிஷ்கேக், அல்மாட்டி போன்ற ஊர்களைத் தேடிப் போகிறார்கள்.) இத்தனை பேருக்கும் பொதுமொழி, இத்தனை பேருக்கும் அரைகுறையாகத் தெரிந்த அந்த ரஷ்யம்தான். வெளிநாட்டவருக்கான ரஷ்ய மொழித் தேர்வின் முதல் படிக்கு 780 சொற்கள் தெரிந்தால் போதும் என்று வரையறுத்திருக்கிறார்கள். அடுத்த படிக்கு 1300. 780 சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மாநகரத்தில் குடித்தனம் நடத்துவதைக் கற்பனை செய்து பாருங்கள். ‘நேற்று மழை. நான் வீட்டில். தேநீர். நல்லா இருந்தது.’ இவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் சொல்ல வேண்டியது எல்லாமே அதில் இருக்கிறது. கையில் காசு குறைவாக இருக்கும் நாட்களில்தான் ஒவ்வொரு காசும் கனமாகத் தெரியும், சொற்களும் அப்படித்தான். தாய்மொழியில் வாரி இறைக்கும் நாம், அந்த வகுப்பில் ஒரு வினைச்சொல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடக்கிறோம்.

காதுக்கு முதலில் வசப்படும் நயம் கேள்வியின் நயம். இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தமிழில் கேள்வி கேட்க ஓர் ஆகாரம் போதும். ‘இது தேநீர்’; ஆ சேர்த்தால் ‘இது தேநீரா?’ ரஷ்யத்தில் அப்படிச் சேர்க்க எதுவும் வேண்டியதில்லை. ‘எதா ச்சாய்’ என்றால் இது தேநீர். ‘எதா ச்சாய்?’ என்றாலும் அதே இரண்டு சொற்கள்தாம், அதே வரிசையில். எழுத்தில் ஒரு கேள்விக்குறி கூடும். பேச்சில் குரல் மட்டும் மாறும். எப்படி மாறுகிறது என்பதில்தான் அழகு. கேட்க நினைக்கும் சொல்லில் எந்த உயிரெழுத்தின்மேல் அழுத்தம் விழுகிறதோ அங்கே குரல் சட்டென்று எழும்பும். அந்த அசை முடிந்ததும் கீழே இறங்கிவிடும். மிச்சமுள்ள சொற்கள் தாழ்ந்த சுருதியிலேயே நடந்து வாக்கியத்தின் கரையைச் சேரும். மாஸ்கோ பல்கலைக்கழக மொழியியலாளர் யெலேனா பிரிஸ்குனோவா ரஷ்யப் பேச்சின் ஏற்ற இறக்கங்களை ஏழு வகையாகப் பிரித்து எண் கொடுத்தார். இந்தக் கேள்விக்குரியது மூன்றாவது. வகுப்பில் அதை ‘இ-கா த்ரி’ என்பார்கள். ஆசிரியை அதைச் சொல்லித்தருவதைப் பார்க்க வேண்டும்: வலக்கை காற்றில் ஒரு கோபுரத்தை வரைந்து, உச்சியிலிருந்து சரேலென்று சரியும். வகுப்பு முழுவதும் குரலால் அந்தக் கையைப் பின்தொடரும்.

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு தனி இன்பம் உண்டு. ‘நீங்கள் நேற்று அருங்காட்சியகத்தில் இருந்தீர்களா?’ என்று கேட்கலாம். ‘நீங்களா நேற்று அருங்காட்சியகத்தில் இருந்தீர்கள்?’ என்றால் ஆள் யார் என்று சந்தேகம். ‘நேற்றா?’ என்றால் நாள் பற்றிய சந்தேகம். ‘அருங்காட்சியகத்திலா?’ என்றால் இடம் பற்றியது. நம் ஆகாரம் எந்தச் சொல்லின் தோளில் கை வைக்கிறதோ அந்தச் சொல்தான் கேள்வி. ரஷ்யரும் இதே வேலையைச் செய்கிறார், எழுத்தே இல்லாமல், குரலின் கோபுரத்தை ஒரு சொல்லிலிருந்து இன்னொரு சொல்லுக்கு நகர்த்தி. ஆங்கிலப் பழக்கத்தில் வாக்கியத்தின் கடைசியில் குரலை ஏற்றிவிடும் மாணவர்கள் தடுமாறும் இடத்தில், தமிழ் மாணவர் ‘ஆ எங்கே வரும்?’ என்று மனசுக்குள் ஒரு கணம் பார்த்துவிட்டு அந்த இடத்தில் குரலை ஏற்றினால் போதும். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க ஆசைப்பட்டால் வகுப்பறைக் கதவருகே நில்லுங்கள். தாமதமாக வந்த மாணவர் கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டி ‘மோஷ்னா?’ என்கிறார். ‘வரலாமா?’ என்று அர்த்தம். ஆசிரியை நிமிராமலே ‘மோஷ்னா’ என்கிறார். வரலாம். ஒரே சொல். ஏறினால் விண்ணப்பம், இறங்கினால் அனுமதி. இதைவிடச் சிக்கனமான உரையாடல் உலகத்தில் வேறெங்காவது இருக்குமா தெரியவில்லை.

ஒலிகளுக்கு வருவோம். ரஷ்யத்தில் இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவே நிற்கும் ஓர் உயிரெழுத்து உண்டு. ஐரோப்பிய மாணவர்களை வாரக்கணக்கில் வாட்டி எடுக்கும் எழுத்து அது. தமிழருக்கு அது தூரத்துச் சொந்தம். ‘காது’, ‘பாட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்தில் உதடு குவிவதில்லை. தொல்காப்பியர் அரை மாத்திரை கொடுத்து ஓரமாக உட்காரவைத்த அந்தக் குற்றியலுகரத்தைச் சற்று முன்னே நகர்த்தி, முழு மாத்திரை கொடுத்து, நடுவே உட்காரவைத்தால் ரஷ்ய உயிர் ஏறக்குறைய வந்துவிடும். அதேபோல் ரஷ்யரின் தகரம் நம் தகரத்தைப் போலப் பல்லில் நாக்குப் பட்டுப் பிறப்பது. ஆங்கில வழியாக ரஷ்யத்துக்குள் நுழைந்தவர்களின் வாயில் அது டகரமாக முரடு தட்டும். நேராகத் தமிழிலிருந்து போனவர் வாயில் இயல்பாக அமையும்.

அதற்கு ஈடாக நம்மைச் சோதிக்கும் இடமும் இருக்கிறது. மகளுக்கும் புள்ளிக்கும் ரஷ்யத்தில் வேறு வேறு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே ‘தோச்கா’தான். ஒன்றின் முதலெழுத்தில் தொண்டை அதிர வேண்டும், மற்றதில் அதிரக் கூடாது. விருந்தாளியும் எலும்பும் அப்படியே, இரண்டும் ‘கோஸ்த்’. நாளை மாலை எங்கள் வீட்டுக்கு எலும்புகள் வருகிறார்கள் என்று ஒரு மாணவர் மகிழ்ச்சியோடு அறிவிப்பதும், வகுப்பு குலுங்குவதும், ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு ‘மலதேத்ஸ்’, சபாஷ், என்று வாழ்த்துவதும் சகஜம். சிரிப்புக்குப் பிறகு அந்தக் ககரத்தை யாரும் மறப்பதில்லை.

மெலிந்த மெய், தடித்த மெய் என்ற வேறுபாடு இதையெல்லாம்விட நேர்த்தியானது. ரஷ்ய மெய்களில் பெரும்பாலானவை இரட்டைப் பிறவிகள். நடுநாக்கு மேலண்ணத்தை நோக்கிச் சற்றே எழும்பினால் மெலிவு, எழும்பாவிட்டால் தடிப்பு. சகோதரனுக்கும் ‘எடுத்தல்’ என்ற வினைக்கும், மூலைக்கும் நிலக்கரிக்கும் இடையில் அந்த ஒரு நூலளவு எழுச்சிதான் வித்தியாசம். கைக்கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு பழகச் சொல்வார்கள். உதட்டின் ஓரங்கள் மெல்ல விலகினால் மெலிந்த மெய் வந்துவிட்டது என்று அடையாளம். ல, ள, ழ என்றும் ன, ண, ஞ என்றும் பிரித்துக் கேட்டு வளர்ந்த காது இந்த நூலிழையைப் பிடித்துவிடும். மற்றவர்களுக்கு ஒரே ஒலியாகக் கேட்பது நமக்கு இரண்டாகப் பிரிந்து ஒலிக்கும் அந்த நாள் இருக்கிறதே, அது கொடுக்கும் கர்வத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

காது வழியே மொழி கற்கும் இந்த முறை எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அதே தீவின் ஆற்றங்கரையில், கூன்ஸ்த்கமெரா அருங்காட்சியகத்திலிருந்து புறப்பட்ட அலெக்சாந்தர் மேர்வர்த், லுத்மிலா மேர்வர்த் தம்பதியர் 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். திரும்பிப் போன அலெக்சாந்தர் பேச்சுத்தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1929-ல் லெனின்கிராதில் அச்சானது. ஏட்டுத்தமிழை விட்டுவிட்டுத் தெருத்தமிழுக்கு இலக்கணம் எழுத வெளிநாட்டவர் ஒருவருக்குத் தோன்றியதே, அது மொழிக்குள் வாழ்ந்து பார்த்தவருக்கு மட்டுமே தோன்றக்கூடியது. ஆற்றங்கரையில் நடக்கும் தமிழ் மாணவர் அந்தக் கட்டடத்தின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

கையெழுத்து வேறோர் உலகம். அச்செழுத்தைப் படிக்கச் சில நாட்கள் போதும். மொத்தமே 33 எழுத்துகள். ரஷ்யர் கையால் எழுதத் தொடங்கினால் அந்த 33-ம் உருமாறிவிடும். அச்சில் சுத்தியல் போல் நிற்கும் தகரம், கையெழுத்தில் மூன்று கால் ஊன்றி நடக்கும். ஷகரம், இகரம், லகரம், மகரம் எல்லாமே அலைகள். ஒரு சொல் முழுக்க இவையே வந்தால் கடலைத்தான் படிக்க வேண்டும். முதல் வகுப்புக் குழந்தைகளுக்கான சாய்கோட்டு நோட்டுப்புத்தகம் ஒன்றை வாங்கிவைத்து, வளர்ந்த மனிதர்கள் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதுவார்கள். ஒரு சொல்லின் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பேனா தாளை விட்டு எழுந்திருப்பது அபூர்வம். அந்தத் தொடர்ச்சியில்தான் நளினம். நமக்கு எழுத்து தனித்தனி. புள்ளியும் சுழியும் ஒவ்வொன்றும் முடிந்து தொடங்கும். அவர்களுக்குச் சொல்லே ஒரு கோடு. கடைக்கதவில் செருகியிருக்கும் ‘பத்து நிமிடத்தில் வருகிறேன்’ துண்டுச்சீட்டை முதல்முறை படித்து முடிப்பதற்குள் கடைக்காரர் வந்து கதவைத் திறந்துவிடலாம். அதனால் என்ன?

இனி, எண்ணிக்கையின் இலக்கணத்துக்கு. அதற்கும் முகவரி உண்டு: பல்ஷாயா கன்யூஷென்னயா தெரு, 25-ம் எண். 1958-லிருந்து அங்கே ஒரு பிஷ்கா கடை இருக்கிறது. பிஷ்கா என்பது நடுவில் துளையிட்டு எண்ணெயில் பொரித்து, மேலே மாவுச்சர்க்கரை தூவிய பண்டம். மாஸ்கோக்காரர்கள் இதை ‘போன்சிக்’ என்பார்கள்; பீட்டர்ஸ்பர்க்காரரிடம் அப்படிச் சொன்னால் பணிவாகத் திருத்துவார். வரிசை நீளமாகத்தான் இருக்கும், ஆனால் விறுவிறு என்று நகரும். உங்கள் முறை வரும்போது யோசிக்க நேரம் கிடையாது. ஒன்று வேண்டுமானால் ‘அத்னு பிஷ்கு’. இரண்டு, மூன்று, நான்கு வரை ‘பிஷ்கி’. ஐந்துக்குப் போனால் ‘ப்யாத் பிஷெக்’. ஐந்து முதல் இருபதுவரை பிஷெக் ஆட்சி. இருபத்தொன்று வந்ததும், அதிசயமாக, மறுபடியும் ஒருமை திரும்பிவிடும். டீக்கடையில் ‘ரெண்டு வடை’, ‘இருபது வடை’ என்று வடையை அசைக்காமல் எண்ணிப் பழகிய நமக்கு இது ஒரு தாளக்கட்டு மாதிரி. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் நடை மாறுகிறது. அட்டவணையாகப் படித்தால் அலுக்கும் இந்த விதி, சூடான எண்ணெய் வாசனையில், பின்னால் நிற்பவரின் மூச்சு கழுத்தில் படும்போது, சர்க்கரைத்தூள் போலவே விரலில் ஒட்டிக்கொள்கிறது. நால்வராகப் போனவர்கள் ஐந்து கேட்டுப் பார்ப்பது வெறும் பேராசை என்று நினைக்க வேண்டாம். அது வீட்டுப்பாடமும்கூட.

வினைச்சொல்லில் ரஷ்யம் காட்டும் அக்கறையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். ‘போனேன்’ என்று பொதுவாகச் சொல்ல அந்த மொழி விடாது. நடந்தா, வண்டியிலா? ஒருதடவை ஒரு திசையிலா, போய் வந்துகொண்டிருப்பதா? ஒவ்வொன்றுக்கும் தனி வினை. அதற்கு முன்னால் ஒட்டும் சின்னஞ்சிறு முன்னொட்டுகள் பாதையையே வரைந்துவிடும். காலையில் வகுப்புக்குப் போகும் வழியைப் பாருங்கள். வீட்டிலிருந்து வெளியேறுதல், நிறுத்தத்தை நெருங்குதல், தெருவைக் குறுக்கே கடத்தல், தேங்கிய மழைநீரைச் சுற்றிப் போதல், வழியில் கடைக்குள் எட்டிப்பார்த்துவிட்டுப் போதல், பள்ளிவரை சென்றடைதல், உள்ளே நுழைதல். ஏழு அசைவுகள். தமிழில் ஒவ்வொன்றையும் ஒரு தொடராக விரிக்கிறோம். ரஷ்யத்தில் ‘நட’ என்ற ஒரே வேர், ஏழு முன்னொட்டுகளை மாற்றி மாற்றி அணிந்து காரியத்தை முடித்துவிடுகிறது. மழைத்தண்ணீரைச் சுற்றிக்கொண்டு போகும்போது அந்த முன்னொட்டைத் தானாக முணுமுணுக்கும் மாணவரைப் பார்த்திருக்கிறேன். காலால் படித்த இலக்கணம் அது.

இந்த வினைகளின் மகுடம் டிராலி பஸ்ஸில் இருக்கிறது. கூட்டத்தில் கதவை நோக்கி நகர வேண்டும்; முன்னால் ஒருவர் நிற்கிறார். நம்மூர் மாதிரி ‘வழி விடுங்க’ என்று யாரும் சொல்வதில்லை. தோளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் ‘வீ விஹோதிதே?’ என்று கேட்பார்கள். ‘நீங்கள் இறங்குகிறீர்களா?’ இறங்குவதானால் ஆம் என்று தலையசைத்துவிட்டு நிற்கலாம். இல்லையானால் ஒதுங்கி இடம் விட வேண்டும், அவ்வளவுதான். கட்டளையே இல்லாமல் ஒரு கூட்டம் தன்னைத்தானே வரிசைப்படுத்திக்கொள்ளும் இந்த நாகரிகம், ஒரு முன்னொட்டு வினையின்மேலும், முன்பு சொன்ன அந்தக் குரல் கோபுரத்தின்மேலும் நின்றுகொண்டிருக்கிறது. வெளிநாட்டு மாணவரைப் பார்த்து முதுகுப்பக்கமிருந்து அந்தக் கேள்வி வரும்போது, கேட்டவருக்கு இவர் வெளியூர்க்காரர் என்று தெரியாது. அந்த ஒரு கணம் நகரத்தில் ஒருவராக இருக்கும் சுகம் கிடைக்கிறது.

முற்று, முற்றாமை என்று ரஷ்ய வினைகள் இரண்டிரண்டாகப் பிரிவது வெளிநாட்டவருக்குப் பெரும் புதிர் என்பார்கள். தமிழருக்கு ‘எழுதினேன்’, ‘எழுதிவிட்டேன்’ என்ற வேறுபாடு பிறப்பிலேயே உண்டு. நம் ‘விடு’ நூற்றுக்கு நூறு பொருந்தாது, ஆனாலும் முக்கால் வழி கூட வரும். ஜூன் மாதத்து வெண்ணிற இரவில், நள்ளிரவுக்கு மேல் நேவா நதிக்கரையில் ஜனங்கள் கூடி நிற்பார்கள். கப்பல்களுக்கு வழிவிட அரண்மனைப் பாலத்தின் இரு கைகளும் மேலே எழும். ‘ரஸ்வோத்யாத்’ என்றால் பாலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், ஓடினால் பார்க்கலாம். ‘ரஸ்விலீ’ என்றால் பிரித்துவிட்டார்கள். தீவுக்காரராக இருந்தால் விடிகிறவரை இக்கரைதான். இந்த இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் ஓர் இரவுத் தூக்கமே இருக்கிறது.

பெயர்களைச் சொல்லாமல் எப்படி விடுவது? மாஸ்கோவிலிருந்து வந்த முன்னேற்றப் பதிப்பகத்தின், ராதுகாவின் கெட்டி அட்டைத் தமிழ்ப் புத்தகங்களை வாசித்து வளர்ந்த தலைமுறைக்கு ரஷ்யப் பெயர்கள் நீண்ட ரயில்கள். ‘அலெக்சாந்தர் அலெக்சாந்தரவிச்’ என்று பெட்டி பெட்டியாக எண்ணிப் படித்தவர்கள் நாம். பின்னால் வருவது தகப்பனார் பெயர். நமக்கும் அது உண்டு. ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும், யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரஷ்யர் அதைப் பின்னால் வைத்து, மரியாதைக்குரியவரை அழைக்கும் ஒவ்வொரு தடவையும் உச்சரிக்கிறார்கள். ஆசிரியைக்கு ‘மேடம்’ கிடையாது. பெயரும் தகப்பனார் பெயரும்தான். ஆனால் வாழும் வாயில் அந்த ரயில் எத்தனை அழகாக மடங்குகிறது! மரீயா இவானவ்னா, ‘மார் இவான்னா’ ஆகிறார். பாவெல் பாவ்லவிச், ‘பால் பாலிச்’. நம் அலெக்சாந்தர் அலெக்சாந்தரவிச் வெறும் ‘சான் சானிச்’. மரியாதை ஒரு மாத்திரையும் குறையாமல் உயிரெழுத்துகள் மட்டும் உதிர்ந்திருக்கும். வகுப்பில் விளையாட்டாக மாணவர்களுக்கும் தகப்பனார் பெயர் கட்டிப் பார்ப்பதுண்டு. முருகேசன் மகள் ‘முருகேசனவ்னா’ ஆகும்போது காவிரிக்கரை அப்பா ஒருவர் நேவாக்கரையில் வந்து நிற்கிறார்.

சமையலறையில் மொழி இன்னும் குழைகிறது. மாணவரைத் தங்கவைத்திருக்கும் வீட்டுப் பாட்டி, தேநீரைத் தேநீர் என்று சொல்லமாட்டார். ‘சயோக்’ என்பார், குட்டித் தேநீர். சூப் ‘சூப்ச்சிக்’ ஆகும், ரொட்டி ‘ஹ்லேபுஷெக்’ ஆகும், உருளைக்கிழங்கு ‘கர்தோஷெச்கா’ ஆகும். கிண்ணத்தின் அளவு குறைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். இந்த விகுதிகள் பண்டத்தைச் சிறிதாக்குவதில்லை, பரிமாறுபவரின் மனசைத்தான் காட்டுகின்றன. இரண்டாம் தட்டும் அப்படித்தான் வரும்.

பிறகு ஒரு நாள் பாடப்புத்தகத்துக்கு வெளியே கால் வைக்க வேண்டும். வெளிநாட்டவருக்கான நூல்களில் ஒவ்வொரு சொல்லின்மேலும் அழுத்தக்குறி இருக்கும். ரஷ்யத்தில் அழுத்தம் எங்கு வேண்டுமானாலும் விழும். விழுந்த இடத்தைப் பொறுத்து ஒரே எழுத்துகள் கோட்டையாகவும் இருக்கலாம், பூட்டாகவும் இருக்கலாம். அழுத்தம் படாத ஒகரம் வாடி அகரமாகிவிடும். ‘மொலொகொ’ என்று எழுதியதை ‘மலகோ’ என்று சொல்லிப் பால் வாங்க வேண்டும். பெரியவர்கள் படிக்கும் புத்தகங்களில் அந்தக் குறி கிடையாது. நேவ்ஸ்கி சாலை 28-ம் எண், ஒரு காலத்தில் சிங்கர் தையல் இயந்திரக் கம்பெனிக்காகக் கட்டிய அந்தக் கண்ணாடிக் கோபுரக் கட்டடத்தில் ‘தோம் க்னீகி’ புத்தகக் கடை இருக்கிறது. குறியில்லாத முதல் புத்தகத்தைப் பலரும் அங்கேதான் வாங்குகிறார்கள். பெரும்பாலும் செகாவ். நான்கைந்து பக்கங்களில் முடிந்துவிடும் என்பதற்காக வாங்கினால்கூடத் தப்பில்லை.

அதில் 1883-ல் வெளியான ஒரு கதை இருக்கிறது, ஒரு பருத்தவனும் ஒரு மெலிந்தவனும் சந்திப்பது. மொழி கற்பவருக்கென்றே எழுதியது போலிருக்கும். பீட்டர்ஸ்பர்கையும் மாஸ்கோவையும் இணைத்த நிக்கலாயேவ் ரயில் பாதையின் ஒரு நிலையத்தில் பள்ளித் தோழர்கள் இருவர் எதிர்ப்படுகிறார்கள். கட்டிக்கொள்கிறார்கள். ‘நீ’ ‘நீ’ என்று பேச்சு பொங்குகிறது. மெலிந்தவன் மனைவியை, மகனை அறிமுகம் செய்கிறான், தான் செய்து விற்கும் மரச் சிகரெட் பெட்டிகளைப் பற்றிச் சொல்கிறான். பருத்தவன் தன் பதவியைச் சொல்கிறான். மிக உயர்ந்த பதவி. அந்த நொடியில் மெலிந்தவனின் முகம் வெளிறுகிறது. ‘நீ’ செத்துப்போகிறது, இடத்தில் மேதகு பட்டங்கள் முளைக்கின்றன. சொற்களின் வாலில் ஒரு ‘ஸ்’ ஒலி ஒட்டத் தொடங்குகிறது; அன்றைய ரஷ்யத்தில் அடிபணிவைக் காட்டும் மிகச் சின்ன ஒலி. பருத்தவன் சிறுவயது நட்பை நினைவூட்டிப் பார்க்கிறான். பலனில்லை. கடைசியில் கை நீட்டினால் மெலிந்தவன் மூன்று விரல்களை மட்டும் பற்றுகிறான். நீ, நீங்கள், தாங்கள் என்ற படிகளில் ஏறி இறங்கிப் பழகிய தமிழருக்கு இந்தக் கதையின் அதிர்ச்சி முழுதாக இறங்கும். ஆங்கிலத்தில் படித்தவருக்கு அந்த முறிவின் சத்தம் சரியாகக் கேட்டிருக்காது.

ஆசிரியைகள் இதை இருவர் இருவராக வாசிக்கச் சொல்வதுண்டு. பருத்தவனாக வாசிக்க யாரும் முன்வருவதில்லை. அவனுக்கு வசனம் குறைவு, குரலும் ஒரே மட்டம். மெலிந்தவனுக்குத்தான் போட்டி. பாதி வாக்கியத்தில் ‘நீ’யை விழுங்கி, குரலை இரண்டு சுருதி இறக்கி, ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் அந்த ‘ஸ்’ஸை ஒட்டிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். சீன மாணவர் அதை வாசித்து முடித்ததும் இத்தாலியர் கைதட்டி, ‘மோஷ்னா?’ என்று ஆசிரியையிடம் கேட்டு, புத்தகத்தை வாங்கிக்கொள்கிறார்.